முப்பத்தொன்றாவது முக்காலி

பதினோரு நிமிடத்துக்கு மணி வைக்கிற கம்பெனி உலகத்தில் எங்கும் கிடையாது. பத்து நிமிடம் வைப்பார்கள். கால் மணி நேரம் வைப்பார்கள். கொஞ்சம் தாராள மனசு என்றால் அரை மணி நேரம். பதினொன்று என்கிற எண் எந்த முதலாளியின் வாயிலும் வராது. அப்பேர்ப்பட்ட பதினொன்று, ஒரு திங்கட்கிழமைக் காலையில், தூத்துக்குடிக்கு வெளியே இருந்த இறால் கம்பெனியின் சுவரில் அச்சடித்து ஒட்டியிருந்தது.

அமலோற்பவம் அதை உரக்க வாசித்தாள். அவள் நிற்கும் நான்காம் மேசையில் முப்பது பெண்கள். பாதிப் பேருக்கு எழுத்து ஓடாது. மீதிப் பேருக்கு வாசிக்கப் பொறுமை கிடையாது. அதனால் சுவரில் என்ன ஒட்டினாலும் வாசித்துச் சொல்வது அவள் பாடு.

"இன்று முதல் ஒரு ஷிப்டுக்கு இரண்டு முறை மட்டும் வெளியே போகலாம். ஒவ்வொரு முறையும் பதினோரு நிமிடம். மணி அடித்ததும் போய், மறுமணிக்குள் மேசைக்குத் திரும்ப வேண்டும். மற்ற நேரத்தில் கதவு திறக்காது."

'பதினோரு' என்ற சொல்லிலேயே அவள் விரல் நின்றுவிட்டது.

"என்னட்டி, எழுத்து மாட்டிக்கிட்டா?" என்றாள் பக்கத்தில் நின்ற சந்தனமாரி. "எம்பிஏ படிக்கவளுக்கே மாட்டுச்சுன்னா நாங்க எங்க போறது?"

எல்லோரும் சிரித்தார்கள். அமலோற்பவத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பதினொன்று அவளுடையது.

அவளுக்கு இப்போது நாற்பத்தாறு வயது. எழுத்தைப் பிடித்தது இருபத்தொன்பதில், கோயில் மண்டபத்தில் பெண்களுக்கு நடந்த வகுப்பில். அதுவரை எந்தத் தாளிலும் பெருவிரலைத்தான் வைத்திருந்தாள். பிடித்த எழுத்தை அப்புறம் விடவில்லை. பத்தாவது, பன்னிரண்டாவது, அஞ்சல் வழியில் ஒரு பட்டம் என்று, இறால் உரித்து மரத்துப்போன விரலாலேயே எழுதித் தேறினாள். இப்போது மேலாண்மையில் முதுகலை, கடைசிப் பருவம். கைப்பேசியில் நடக்கும் படிப்பு. எந்த ஊர்ப் பாடமானாலும் அதில் ஒரு பெண்குரல் தமிழில் சொல்லித்தரும், கேள்வி கேட்டால் பதில் சொல்லும், கோபமே படாது. மேசைப் பெண்கள் அந்தக் குரலுக்கு வாத்திச்சி என்று பேர் வைத்திருந்தார்கள்.

இந்த வயதில் எதற்கு இந்தப் படிப்பு என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். தள மேலாளர் ஆக அந்தப் பட்டம் வேண்டும் என்பது கம்பெனி விதி. ஐந்து வருடத்தில் ஐந்து மேலாளர்கள் வந்து போய்விட்டார்கள். "இறாலுக்கு முள்ளு தலையில இருக்கா வாலுல இருக்கான்னு தெரியாதவன் எனக்கு வேலை சொல்லுதான். தெரிஞ்ச நான் ஏன் சொல்லக் கூடாது?"

போன வருடம் இரண்டாம் பருவத் தேர்வில் ஒரு கேள்வி வந்தது. ஒரு குளிர்பதன உணவு ஆலை. பெண் தொழிலாளர்கள் நினைத்த நேரத்தில் வெளியே போவதால் வேலை நேரம் வீணாகிறது. தீர்வு சொல்லுக. அமலோற்பவம் வாத்திச்சி சொல்லிக்கொடுத்த மாதிரியே எழுதினாள்: இரண்டு இடைவேளை, மணி, கதவுக்குக் கட்டுப்பாடு. நிமிடம் எழுதும் இடத்தில் மட்டும் கை பழக்கத்தில் போய்விட்டது. அவள் அம்மா கரையில் மீன் விற்றவள். பத்து மீன் என்றால் பதினொன்று எண்ணிப் போடுவாள். கடைசி ஒன்று கொசுறு. அந்தக் கரையில் வளர்ந்த யாருக்கும் பத்து பத்தோடு நிற்காது. பாவம், யாரோ பொம்பளைகள், ஒரு நிமிடம் கூடக் கிடைக்கட்டும் என்று பதினொன்று போட்டாள்.

தொண்ணூற்று நான்கு மார்க் வந்தது. மேசை முழுக்க மக்ரூன் வாங்கிக் கொடுத்தாள். சந்தனமாரி இரண்டு தின்றாள்.

அந்த யாரோ பொம்பளைகள் இவர்கள்தான்.

அன்று மாலையே, வீட்டு வாசலில் நின்றுகொண்டு, படிப்பை நடத்தும் நிறுவனத்துக்குக் கூப்பிட்டாள். ஒருங்கிணைப்பாளர் ரிஷிவர்தன் கைப்பேசித் திரையில் வந்தான். சென்னையில் இருப்பவன், முப்பதைத் தாண்டாத முகம்.

"வணக்கம் மேடம். உங்க ஸ்கோர் எல்லாம் சூப்பரா இருக்கு."

"சார், ஒரு சந்தேகம். பரீட்சையில குடுக்கிய கேள்வி, நீங்களா உக்காந்து எழுதுறதா? இல்ல, நெசமாவே எங்கயாவது நடக்கதா?"

"நிஜம்தான் மேடம். அதானே எங்க ஸ்பெஷல். கம்பெனிங்க அவங்க பிரச்சனைய, பேரெல்லாம் எடுத்துட்டு எங்ககிட்ட குடுப்பாங்க. நாலாயிரம் பேர் பதில் எழுதுறீங்க. எதுல கம்பெனிக்கு லாபம் தெரியுதோ அந்தப் பதில மெஷின் பொறுக்கி எடுத்து அனுப்பிடும். சிலர் உடனே நடைமுறைக்குக் கொண்டுவருவாங்க, சிலர் ஒரு வருஷம் கழிச்சு. நாலாயிரம் மூளை மேடம்! எந்தக் கம்பெனிக்கும் இப்படி ஒரு ஆலோசனைக் குழு கிடைக்காது."

"மார்க்கு கூட வாங்குன பதிலத்தான் எடுக்குமா?"

"இல்ல, மார்க் வேற, லாபம் வேற. கேட்டதுக்கு ஒழுங்கா பதில் சொன்னா மார்க். லாபத்த மெஷின் தனியா பாக்கும். பெரும்பாலும் ரெண்டும் சேர்ந்தேதான் வரும்."

"அதுல ஆளுக இருக்காவளே சார்."

"அதான் பேரை எடுத்துடறோமே மேடம்."

"பேரை எடுத்துட்டா ஆளு இல்லாமப் போயிருவாளா?"

அவன் சிரித்தான். "அதனாலதான் மேடம் உங்களுக்கு ஃபீஸ் இவ்ளோ கம்மி. உங்க பதில கம்பெனிங்களுக்குக் குடுப்போம்னு, சேரும்போது குடுத்த படிவத்துல பதினாலாம் பக்கத்துல இருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

பெருவிரல் வைத்த காலத்தில்கூட, "என்ன போட்டிருக்கு, வாசிச்சுச் சொல்லுங்க" என்று யாரையாவது நச்சரித்துக் கேட்டுவிட்டுத்தான் வைப்பாள் அமலோற்பவம். கையெழுத்துப் போடத் தெரிந்த பிறகுதான் வாசிக்காமல் போட்டிருக்கிறாள். போட வருகிறது என்கிற பெருமையில் போட்டது. அது அவளை ஊசி மாதிரி குத்தியது.

மூன்றாம் நாள் அது நடந்தது. சந்தனமாரிக்கு இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். அடக்கி வைக்க முடியாத உடம்பு. முதல் மணிக்குப் போய் வந்துவிட்டாள். இரண்டாம் மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. கதவின் கேமராவுக்கு முகத்தைக் காட்டினாள். கதவு திறக்கவில்லை. திரும்பி வந்து மேசையில் நின்று, கண்ணை இறாலிலேயே வைத்துக்கொண்டு, தலையைக் கிள்ளிக் குடலை இழுத்து, தலையைக் கிள்ளிக் குடலை இழுத்து, நிற்காமல் உரித்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய ரப்பர் பூட்ஸுக்குள் என்ன நடந்தது என்று பக்கத்தில் நின்ற அமலோற்பவத்துக்கு மட்டும் தெரிந்தது.

கம்பெனி வேனுக்கு ஓட்டுநர் கிடையாது, தானாக ஓடும். ஓட்டுநர் இருக்கையில் யாரும் உட்காரக் கூடாது என்று எழுதியிருக்கும். சந்தனமாரி தினமும் அங்கேதான் உட்காருவாள். அன்றும் உட்கார்ந்திருந்தாள். அமலோற்பவம் பக்கத்தில் போய்க் குனிந்து எல்லாவற்றையும் சொன்னாள். பரீட்சை, கேள்வி, பதினொன்று, மக்ரூன்.

சந்தனமாரி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேன் உப்பளத்தைத் தாண்டியது.

"தொண்ணூத்தி நாலா?"

"ஆமா."

"அப்ப எம்மூத்திரத்துக்குத் தொண்ணூத்தி நாலு மார்க்கு. பரவால்லட்டி, நல்ல வெலைதான்."

"மாரி, எனக்குத் தெரியாது..."

"தெரியாதுன்னுதானே இவ்வளவு நாளு மேனேசருமாரு சொன்னானுவ. அவனுவளுக்கும் ஒனக்கும் என்ன வித்தியாசம்? நீ படிச்சு மேல போவ, போயி எங்களுக்கு நல்லது செய்வன்னுல்லா நான் வாயப் பொளந்துட்டுக் கெடந்தேன். நீ போறதுக்கு முன்னாலயே செஞ்சிட்டியே!"

பின்னால் இருந்தவர்கள் என்ன என்ன என்று கேட்டார்கள். "ஒண்ணுமில்ல, படிச்சவ பாடம் சொல்லுதா" என்றாள் சந்தனமாரி.

இங்கே அந்த மேசையின் பழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொருத்தி தட்டுக்குக் கீழும் ஒரு தராசு உண்டு. உரித்த இறால் விழ விழ, அவள் நம்பருக்கு எடை ஏறும். ஷிப்ட் முடிகையில் பதினாறு கிலோவுக்குக் குறைந்தால் எச்சரிக்கை. நாலு எச்சரிக்கை வந்தால் வீட்டுக்கு. ஆனால் உடம்பு என்று ஒன்று இருக்கிறதே. காய்ச்சலோ, வயிற்றுவலியோ, கை வீக்கமோ வந்தவளின் தட்டில் பக்கத்துக்காரி தன் தட்டிலிருந்து ஒரு கை அள்ளிப் போடுவாள். யாரும் சொல்ல மாட்டார்கள், யாரும் கேட்க மாட்டார்கள், தலையும் நிமிராது. வாங்கினவள் நன்றி சொன்னால் திட்டு விழும். ஆபரேஷன் முடிந்து சந்தனமாரி வேலைக்குத் திரும்பிய மாதம், ஆளாளுக்கு ஒரு கை போட்டு, எவள் எவ்வளவு போட்டாள் என்று எவளுக்கும் தெரியாமல், கடைசியில் கம்பெனியிலேயே அதிகம் உரித்தவள் சந்தனமாரி என்று வந்துவிட்டது. மாதத்தின் சிறந்த உழைப்பாளி என்று சில்வர் டிபன் கேரியர் கொடுத்தார்கள். தையல் இழுக்க இழுக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேடையேறி வாங்கினாள். மேசைப் பெண்கள் ஒரு வாரம் சிரித்தார்கள்.

அந்த வேன் பேச்சுக்கு மறுநாள் அமலோற்பவம் ஒரு கை இறாலைச் சந்தனமாரியின் தட்டில் போட்டாள். சந்தனமாரி அதை அள்ளித் திருப்பிப் போட்டாள். அந்த மேசையில் அப்படி ஒருத்தி செய்தது அதுவே முதல் தடவை.

நான்காம் பருவத்தின் கடைசித் தேர்வு அதே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மதியம். இதில் தேறினால் பட்டம். மேலாளர் நாற்காலி அப்போது காலியாகத்தான் இருந்தது, ஐந்தாமவரும் போய்விட்டார். அமலோற்பவம் முகம் கழுவி, கதவைச் சாத்தி, அரிசி டிரம்மின் மேல் கைப்பேசியை நிறுத்தி வைத்தாள்.

"கேள்வி ஒன்றுதான்" என்றது வாத்திச்சி. "ஓர் உணவு ஆலையின் ஒரு மேசையில் முப்பது தொழிலாளர்கள். ஒரு மாத எடைக் கணக்கு கீழே உள்ளது. நீக்கத்தக்க நால்வரைத் தேர்ந்தெடுத்து, இதனால் நிறுவனத்துக்கு வரும் லாபத்தை நிறுவுக."

பேர் கிடையாது, நம்பர் மட்டும். ஒன்பதாம் நம்பர் எல்லோருக்கும் மேலே, நாளுக்கு முப்பத்தொரு கிலோ. மாத முதல் வாரத்தில் அவள் வரவேயில்லை. இரண்டாம் வாரம் வந்ததும் நேராக உச்சி. பார்த்ததும் அமலோற்பவத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிபன் கேரியர்!

சிரித்துக்கொண்டே கண்ணைக் கீழே இறக்கினாள். கடைசி நான்கு நம்பர்கள். ஐந்து, பன்னிரண்டு, இருபத்திரண்டு, இருபத்தாறு. நால்வரும் மேசையிலேயே வேகமான கைக்காரிகள். வேகமாக உரிப்பதால்தான் அள்ளிக் கொடுக்க அவர்களிடம் இருந்தது. கொடுத்துக் கொடுத்துக் கணக்கில் கடைசிக்குப் போயிருந்தார்கள். எல்லோருக்கும் கீழே இருபத்தாறு, பதினாறு கிலோ நானூறு.

இருபத்தாறு அவள்தான்.

தன்னை வேலையை விட்டு எடுத்தால் தனக்குப் பட்டம். நல்ல படிப்பு! மற்ற மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரும் இந்நேரம் ஐந்து, பன்னிரண்டு, இருபத்திரண்டு, இருபத்தாறு என்று தட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு? போன தடவை அவள் தட்டவில்லையா?

உண்மையை எழுதலாம் என்றால், அள்ளிப் போடுகிற பழக்கம் வெளியே வந்துவிடும். கம்பெனி அதற்கு மோசடி என்று பேர் வைக்கும். நாலு பேர் போவதற்குப் பதில் முப்பது பேரும் போவார்கள். எழுதாமல் விட்டாலோ நாலு பேர் போவது நிச்சயம்.

"உங்களுக்கு உதவி வேண்டுமா?" என்றது வாத்திச்சி.

"நீ செத்த நேரம் வாய மூடு."

ரிஷிவர்தன் சொன்னது நினைவுக்கு வந்தது. மார்க் வேறு, லாபம் வேறு. அவள் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள். பதினேழு வருடமாகப் படித்த எல்லாப் படிப்பும் விரலுக்கு வந்து நின்றது.

'நீக்க வேண்டியது ஆட்களை அல்ல, தராசுகளை' என்று தொடங்கினாள். தட்டுக்குக் கீழே இருக்கும் முப்பது தராசில் மாதம் ஆறு தராசாவது உப்புத் தண்ணீரில் பழுதாகிறது. பழுது பார்க்க வருகிற ஆளுக்காக மேசை அரை நாள் நிற்கிறது. பழகிய கை போய்ப் புதுக் கை வந்தால் அது பழக நாலு மாதம். அதுவரை பிய்ந்துபோகும் இறால் எத்தனை கிலோ என்று எழுதினாள். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, பக்கத்தில் நின்று பார்த்தவளுக்குத்தான் தெரியும். மேசையின் கோடியில் ஒரே ஒரு தராசு போதும். முப்பது பேர் உரித்தது மொத்தமாக எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். நிற்பதால் கால் வீங்கிக் கடைசி இரண்டு மணி நேரம் வேகம் குறைகிறது. அதற்கு முக்காலி வேண்டும். மேசைக்கு முப்பத்தொன்று.

முப்பது பேருக்கு முப்பத்தொன்று. இந்தத் தடவை அது கைப்பழக்கம் இல்லை. யாருக்கு என்று தெரிந்தே போட்டாள்.

நால்வரின் நம்பரை எழுதச் சொன்ன கட்டங்களை வெறுமனே விட்டாள்.

"கட்டாயப் பகுதி நிரப்பப்படவில்லை" என்றது வாத்திச்சி. "இப்படியே அனுப்பினால் தேர்ச்சி கிடைக்காது. அனுப்பலாமா?"

"அனுப்பு."

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. தேர்ச்சி இல்லை. மேசையில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. மக்ரூன் இல்லையா என்று யாரும் கேட்டுக்கூடத் தொந்தரவு செய்யவில்லை.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை அவர்கள் உள்ளே போனபோது இரண்டு மெக்கானிக்குகள் தட்டுகளுக்குக் கீழே படுத்துத் தராசுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு லாரி. அதிலிருந்து பிளாஸ்டிக் முக்காலிகள் இறங்கின. எல்லோரும் ஆளுக்கொன்றாக எடுத்துப் போட்டு, உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து பார்த்தார்கள். உட்கார்ந்து இறால் உரிப்பது எப்படி இருக்கும் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

"ஏய், ஒண்ணு மிச்சம் கெடக்கு" என்றாள் சந்தனமாரி. "எண்ணத் தெரியாத பயலுவ. முப்பது பேருக்கு முப்பத்தொண்ணு..."

சட்டென்று நிறுத்தினாள். அந்த முக்காலியைப் பார்த்தாள். திரும்பி அமலோற்பவத்தைப் பார்த்தாள். கரையில் மீன் வாங்கி வளர்ந்தவள்தான் அவளும்.

"அந்தப் பரீச்சைதானாட்டி?"

அமலோற்பவம் இறாலின் தலையைக் கிள்ளினாள். "தோத்துட்டேன்" என்றாள்.

சந்தனமாரி அந்த முக்காலியை இழுத்து, குளிரில் விறைத்த கையை நனைக்கும் சுடுதண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் போட்டாள். பிறகு தன் தட்டிலிருந்து ஒரு கை இறாலை அள்ளி அமலோற்பவத்தின் தட்டில் போட்டாள். அன்றைக்கு அதற்குத் தேவையே இல்லை. தட்டுக்குக் கீழே தராசு இல்லை. ஆனாலும் போட்டாள்.

அந்த வாரமே ரிஷிவர்தன் தானாகக் கூப்பிட்டான். குரலில் தேன் வழிந்தது.

"மேடம், உங்க மேசைத் தராசு பதில் பன்னிரண்டு ஆலைக்குப் போகப்போகுது! ஒரு சின்னச் சிக்கல். கேள்வி குடுத்த கம்பெனிக்குப் போயாச்சு, ஆனா தேறாத பதில மத்தவங்களுக்குக் குடுக்க பழைய படிவத்துல இடமில்ல. தனியா ஒரு கையெழுத்து வேணும். போட்டீங்கன்னா, மறுமதிப்பீடுன்னு சொல்லி பாஸ் போட்டுடறோம். நாளைக்கே பட்டம்."

படிவம் திரையில் வந்தது. ஒன்பது பக்கம்.

"கீழ கையெழுத்து மட்டும் போட்டா போதும் மேடம்."

"வாசிக்கணும்லா சார்."

அவள் வாசித்தாள். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, வாய்விட்டு, ஒன்பது பக்கத்தையும். ரிஷிவர்தன் திரையில் கொட்டாவி விட்டான், தண்ணீர் குடித்தான், யாரிடமோ போய்ப் பேசிவிட்டு வந்தான். ஏழாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது. 'இத்தீர்வுக்குக் காரணமான பணித்தளப் பழக்கங்கள் அனைத்தையும் எழுதியவர் நிறுவனத்துக்கு விளக்கித் தர ஒப்புக்கொள்கிறார்.'

"சார், கையெழுத்து கெடையாது."

"மேடம்? நாலு செமஸ்டர் உழைப்பு! மேனேஜர் போஸ்ட்னு சொன்னீங்களே!"

"சொன்னேன். இப்பமும் அதுதான் வேணும். ஆனா இத எழுதிக் குடுத்துட்டு அந்த நாக்காலியில உக்காந்தா எனக்கும் மத்த அஞ்சு பேருக்கும் வித்தியாசம் இல்ல. என்னைய ஒருத்தி கேட்டுட்டா. சரி, அது கெடக்கட்டும். தோத்தவங்க திரும்ப எழுதலாம்லா?"

"இன்னும் ரெண்டு தடவை எழுதலாம். வேற கேள்வி வரும்."

"வேற கம்பெனி, வேற ஆளுக. சரி, அந்த ரெண்டு தடவையும் இருக்கட்டும். இன்னொண்ணு கேக்கணும். பாஸான பாடத்த வேண்டாம்னு சொல்லிட்டு, அதே கேள்விய மறுபடி எழுத முடியுமா?"

ரிஷிவர்தன் எதையோ தட்டிப் பார்த்தான். "விதியில இடம் இருக்கு. பழைய மார்க் போயிடும். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. எந்தப் பாடம்?"

"ரெண்டாம் பருவம். கழிப்பறைக் கேள்வி."

"மேடம், அது தொண்ணூத்தி நாலு! உங்க ஹையஸ்ட்!"

"தெரியும் சார். எடுத்துக்கிடுங்க."

அவன் அவளைப் பார்த்தான். முதல் தடவையாக நம்பரைப் பார்க்காமல் ஆளைப் பார்ப்பவன் மாதிரி இருந்தது. பிறகு ஒரு பொத்தானை அழுத்தினான். அவள் பெயருக்கு எதிரே இருந்த தொண்ணூற்று நான்கு அழிந்து கட்டம் வெள்ளையானது. அதற்குக் கீழே அந்தப் பழைய கேள்வி வந்து நின்றது.

"உங்களுக்கு உதவி வேண்டுமா?" என்றது வாத்திச்சி.

அமலோற்பவம் கதவைச் சாத்திவிட்டு வந்து அரிசி டிரம்மின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். உள்ளங்கைகளைத் தேய்த்து விரல்களில் சூடு ஏற்றிக்கொண்டு எழுதத் தொடங்கினாள்:

'முதலில் அந்தக் கதவைக் கழற்றுங்கள்.'